மேட்டு ராஜாவின் பின் ஆக்சில்

உலகத்தில் உள்ள மேடுகள் இரண்டு வகைப்படும். மேட்டு ராஜா ஏறிய மேடுகள் ஒரு வகை. அவர் இன்னும் வந்து பார்க்காத தைரியத்தில் தங்களை மேடு என்று சொல்லிக்கொண்டு நிற்பவை இன்னொரு வகை. மூன்றாவது வகை கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் சமவெளிக்காரர் என்று அறிக.

இதைச் சொன்னவர் மேட்டு ராஜாவேதான். முடிவெட்டும் கடையில் சொல்லியிருக்கிறார், டீக்கடையில் சொல்லியிருக்கிறார், ஒருமுறை பல் பிடுங்கிய டாக்டரிடம் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். யாரும் மறுத்ததில்லை. மறுக்க வழியும் இல்லை. ஊருக்கு மேற்கே நிற்கும் மலையின் உச்சியில் ஒரு சிக்னல் டவர் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர். அந்த ஆறு பேருக்குத் தண்ணீரும், டவரின் ஜெனரேட்டருக்கு டீசலும் திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டு தரம் கீழேயிருந்துதான் போக வேண்டும். பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுபோனது மேட்டு ராஜாவின் பழைய லாரி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் அது பாதியில் நின்றதில்லை.

பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முதலில் நேராக ஒரு களிமண் ஏற்றம். மழை பெய்தால் அதில் ஆடு நாலு அடி ஏறி மூன்று அடி இறங்கும். அதற்கு மேலே ஒரு வளைவு. வளைவு என்றால் வளைந்துவிட்டுச் சும்மா இருக்காது, பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தும் கிடக்கும். அதற்கும் மேலே கல். கல்லைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை.

மேட்டு ராஜாவுக்குத் தொழில் தர்மம் என்று ஒன்று இருந்தது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க மாட்டார்.

“மேல உக்கார்றவன் டிரைவர். கீழ படுக்கிறவன் மெக்கானிக். ரெண்டையும் ஒருத்தனே செஞ்சான்னா ரெண்டும் வெளங்காது” என்பார்.

கீழே படுக்கிறவர் அவருடைய மனைவியின் தம்பி. ஊருக்கு அவர் ஸ்பானர். ஆயில் மாற்றுவது, கிளட்ச் மாற்றுவது, இரண்டு தடவை உடைந்த ஆக்சில் சாஃப்ட்டை, அதாவது சக்கர அச்சை, மாற்றியது எல்லாம் ஸ்பானர்தான். வேறு எந்தக் கை அந்த வண்டிக்கு அடியில் போனாலும் ஸ்பானர் முகம் சுருங்கிவிடும். தொழில்பக்தி என்று ஊர் நினைத்தது.

வண்டிக்கென்று சில குணங்கள் இருந்தன. தார் ரோட்டில் ஒடித்துத் திருப்பினால் பின் டயர்கள் கீச்சென்று கத்தும். “என் வண்டி ஊருக்குச் சொல்லிட்டுத்தான் திரும்பும்” என்பார் மேட்டு ராஜா. ஸ்டியரிங் மாடு மாதிரி முரண்டு பிடிக்கும். “மணிக்கட்டு இருக்கிறவன்தான் ஓட்ட முடியும்” என்பார். பின் டயர் ஆறு மாதத்தில் மொட்டையாகும். அதற்கு மட்டும் பெருமைப்பட வழி தெரியாமல், டயர்க்கடைக்காரர்கள் மூன்று பேரோடு வரிசையாகச் சண்டை போட்டு மூன்று பேரோடும் பேச்சை முறித்துக்கொண்டார்.

அடுத்த தெருவில் ஒரு ஜீப்காரர் இருந்தார். அவர் தன் ஜீப்பில் முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டுகிற லாக்கர் போட்டு, பூட்டவும் திறக்கவும் டேஷ்போர்டில் இரண்டு சுவிட்ச் வைத்திருந்தார். அன்றிலிருந்து அவர் பெயர் சுவிட்சுக்காரர். பெயர் வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

“சுவிட்ச் போட்டா ஃபேன் சுத்தும், லைட் எரியும். மேடு ஏறுமாய்யா?” என்று மேட்டு ராஜா டீக்கடையில் கேட்பார். “லாக்கு வண்டியில இருக்கக் கூடாது. கால்ல இருக்கணும். சுவிட்சைத் தட்டி மேடு ஏறுறதுக்குப் பதிலா லிஃப்ட் ஆபரேட்டர் வேலைக்குப் போலாம், ஸ்டூலாவது போடுவான்.”

ஜீப்காரர் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போவார்.

இப்படி உலகம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது, மழை தொடங்கிய இரண்டாவது வியாழக்கிழமை, அந்தச் சாய்ந்த வளைவில் லாரியின் வால் மட்டும் தனியாகப் பள்ளத்தைப் பார்க்கப் போனது. ஒரு பாறை குறுக்கே நின்று தடுத்தது. லாரிக்கு ஒரு பக்கக் கண்ணாடி போயிற்று. மேட்டு ராஜாவுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு போயிற்று.

“எப்படி ஆச்சு?” என்று கட்டுப் போட்ட டாக்டர் கேட்டார்.

“நான் நகரலை டாக்டர். மலைதான் நகர்ந்துச்சு.”

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் டவருக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் சுவிட்சுக்காரர். ஜீப்பில் பீப்பாய் ஏறாது. சின்னச் சின்ன கேன்களில் கொண்டுபோனார். மேட்டு ராஜா ஜன்னலோரக் கட்டிலில், மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, அந்த ஜீப் போவதையும் வருவதையும் பார்த்தார். மூன்றாவது வாரம் சுவிட்சுக்காரர் வேறு வேலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

செய்தியைக் கொண்டுவந்தவள் மகள். இருபத்து நாலு வயசு. பேக்கரிக்கு ரொட்டி வேன் ஓட்டுகிறாள். லாரி லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியும், அப்பா அதை வீட்டில் ஒரு அலங்காரப் பொருளாகத்தான் பார்த்தார்.

“அப்பா, டவர்லேருந்து போன். திங்கட்கிழமை தண்ணி வந்தே ஆகணுமாம். மழைத் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கிறாங்களாம்.”

“வரும்னு சொல்லு.”

“யார் கொண்டு போவாங்க?”

மேட்டு ராஜா தன் காலைப் பார்த்தார். அது பதில் சொல்லவில்லை.

“நான் ஓட்டறேன்” என்றாள் மகள்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“நீ ரொட்டி ஓட்டுறவ.”

“ரொட்டி ஓடுமாப்பா? வேன்தான் ஓட்டறேன்.”

“ரொட்டி உருண்டா பொறுக்கித் தொடச்சு வித்துடலாம். நீ உருண்டா?”

அவர் அதைக் கிண்டலாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. அம்மா கதவருகில் வந்து நின்றாள், கையில் கத்தியோடு.

“உருளக் கூடாதுன்னுதான் லாக்கர் போடணும்கறேன்” என்றாள் மகள். “முன் ஆக்சிலுக்கு ஒண்ணு, பின் ஆக்சிலுக்கு ஒண்ணு. நீங்க பதினோரு வருஷம் சும்மா ஏறினீங்க. உங்க காலு என்கிட்ட இல்ல.”

இதில் புகழ்ச்சி இருந்ததால் மேட்டு ராஜாவால் மறுக்க முடியவில்லை.

லாக்கர் என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்காக: வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் நிறைய தூரமும் ஓட வேண்டும். அதனால் ஆக்சில் நடுவில் சில குட்டிப் பல்சக்கரங்கள் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்கின்றன. அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். எல்லாச் சமாதானக்காரர்களையும் போல அதற்கும் ஒரு பலவீனம். ஒரு சக்கரம் சேற்றில் விழுந்து சும்மா சுற்ற ஆரம்பித்தால், இருக்கிற பலத்தையெல்லாம் அந்தச் சோம்பேறிக்கே கொடுத்துவிடும். உழைக்கத் தயாராக நிற்கிற சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை. லாக்கர் வந்து இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. இனி ஒருவர் சுற்றினால் இருவரும் சுற்ற வேண்டும்.

சனிக்கிழமை காலை ஸ்பானர் வந்தார். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் லாரி நின்றது. தூறல் விட்டு விட்டு விழுந்தது. மேட்டு ராஜாவை நாற்காலியோடு தூக்கிக் கொட்டகை ஓரத்தில் வைத்து, காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். இரண்டு ராத்திரியாகப் படித்து எழுதியது.

“மாமா, முதல்ல பின்னாடி ஆக்சிலைத் திறந்துடலாம்.”

ஸ்பானர் லாரியின் முன்பக்கமாகப் போனார். “பின்னாடி எதுக்கும்மா? முன்னாடி மட்டும் போட்டாப் போதும்.”

“என்ன மாமா, தலைகீழாச் சொல்றீங்க? ஒண்ணே ஒண்ணு போடறதா இருந்தா பின்னாடிதான் போடணும்கறாங்க எல்லாரும். ஏறும்போது கனம் பூரா பின்னாடிதானே வருது?”

“எல்லாரும் சொல்லுவாங்க. நம்ம வண்டி வேற.”

“எப்படி வேற?”

“அது... ஒரு மாதிரி வேற.”

“தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் அம்மா. மகள் திரும்பிப் பார்த்தாள். ஆக்சில் விஷயத்தில் அம்மாவுக்கு ஒரு கருத்து இருப்பது அந்த வீட்டில் அன்றுதான் முதல் தடவை.

“சரி, மூடிக்கு வைக்கிற கேஸ்கெட் வாங்கிட்டு வந்துடறேன்” என்று ஸ்பானர் கிளம்பினார். போகும்போது, “நான் வர்ற வரைக்கும் பின்னாடி கைவைக்காதே” என்றார். இப்படிச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது உலகம் அறிந்தது. அவர் இத்தனைக்கும் முப்பது வருஷ மெக்கானிக்.

மகள் லாரிக்கு அடியில் தட்டை வைத்து ஆயிலை இறக்கினாள். கறுப்பாக, கஷாயம் மாதிரி இறங்கியது. பின் மூடியின் பத்து போல்ட்டையும் வரிசையாகக் கழற்றினாள். மூடியைத் தட்டி எடுத்தாள். துணியால் ஒரு துடை துடைத்து டார்ச் அடித்தாள்.

பிறகு அவள் அசையவே இல்லை.

“என்னடி?” என்றார் மேட்டு ராஜா. “உள்ள யாராவது இருக்காங்களா?”

“அப்பா.”

“சொல்லு.”

“நீங்களே பாருங்க.”

“நான் பார்க்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்.”

“அப்பா, பாருங்க.”

அந்தக் குரலுக்காக அவர் குனிந்தார். தொழில் தர்மம் முறிந்த அந்த நேரத்தில் தகரத்தின் மேல் மழை கொஞ்சம் பலமாக விழுந்தது. நாற்காலியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிந்தது. பெரிய பல்சக்கரம் பளபளவென்று இருந்தது. அதற்கு நடுவே சமாதானம் பண்ணுகிற குட்டிப் பல்சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உருண்டை இருந்தது. பல் தெரியவில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெழுகு வழிந்து உறைந்த மாதிரி, கட்டி கட்டியாக, வெல்டிங்.

“இது என்னது?”

“வெல்டிங் அடிச்சிருக்குப்பா. மொத்தமா. பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தும். எப்பவுமே.” மகள் டார்ச்சை அணைக்க மறந்திருந்தாள். “இது லாக்தான். சுவிட்ச் இல்லாத லாக். போட்டா போட்டதுதான்.”

மேட்டு ராஜா எதுவும் சொல்லவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால், அவருக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று மகளுக்குப் பயம் வந்தது. “அம்மா!” என்று கத்தினாள்.

அம்மா வந்தாள். திறந்த மூடியைப் பார்த்தாள். அதே சமயம் ஸ்பானர் ஒரு கையில் கேஸ்கெட்டும் ஒரு கையில் டீ பாத்திரமுமாக உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே திரும்பினார்.

“மச்சான்” என்றார் மேட்டு ராஜா. “நில்லு.”

ஸ்பானர் நின்றார்.

“எவன் பண்ண வேலை இது?”

“டீ ஆறிடும் அத்தான்.”

“எவன்?”

“நான்தான்” என்றாள் மனைவி. “நான் சொல்லித்தான் அவன் பண்ணான். அவனைத் திட்டாதீங்க.”

மேட்டு ராஜா மனைவியைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகப் பார்த்த முகம்தான். யாரோ வழி கேட்க வந்தவரைப் பார்ப்பது போல இப்போது பார்த்தார்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள்” என்றாள் அவள், “களிமண் ஏத்தத்துல பாதியிலேருந்து பின்னாடியே சறுக்கிக்கிட்டு வந்தீங்க. ஞாபகம் இருக்கா?”

“அது நான் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தேன்.”

“நூறு அடியா?”

அவர் ஸ்டூல் மேல் இருந்த காலைச் சரிசெய்துகொண்டார்.

“வீட்டுக்கு வந்து தண்ணி கேட்டீங்க. குடுத்தேன். டம்ளர் பல்லுல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பாதித் தண்ணி சட்டையில. இவ அப்ப பள்ளிக்கூடம் போற பொண்ணு. மறுநாள் காலையில அதே மேட்டுக்கு மறுபடி கிளம்பினீங்க. போகாதீங்கன்னு சொன்னா கேப்பீங்களா?”

“கேக்க மாட்டேன்.”

“அதான்.”

“அப்ப இந்த ஊர்ல லாக்கரெல்லாம் கெடைக்காது அத்தான்” என்றார் ஸ்பானர். “கெடைச்சாலும் நீங்க போட விடமாட்டீங்க. கிளட்ச் மாத்த வண்டி வந்தப்ப அடிச்சுட்டேன். திரும்பும்போது அவருக்குத் தெரிஞ்சுடும் அக்கான்னு நானும் சொன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

ஸ்பானர் அக்காவைப் பார்த்தார்.

“தெரியாது, தெரிஞ்சாலும் அதைத் தன் பெருமைன்னு சொல்லிக்குவாருன்னு சொன்னேன்” என்றாள் அவள். குரலில் கேலியே இல்லை.

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. மேட்டு ராஜா டீயை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

“மேட்டு ராஜான்னு எப்பக் கூப்பிட ஆரம்பிச்சாங்க?”

“அதுக்கு அடுத்த மாசம் அத்தான்.”

“டயர்க்கடைக்காரங்க மூணு பேர்கிட்ட சண்டை போட்டேனே.”

“போட்டீங்க.”

“களவாணி ரப்பர்னு கத்தினேனே.”

“கத்தினீங்க.”

“நீ பக்கத்துல நின்னியேடா.”

“நின்னேன்.”

“‘ஆமா அத்தான், ரப்பர் சரியில்ல’ன்னு சொன்னியே!”

“அக்கா சொல்லச் சொல்லுச்சு.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொள்ளத்தான் அவள் நோட்டைப் புரட்டினாள். புரட்டிய இடத்தில் அவள் கையெழுத்திலேயே ஒரு வரி அடிக்கோடிட்டு இருந்தது. யோசிக்காமல் வாய்விட்டே படித்தாள்.

“சாய்வான தரையில பின் ஆக்சில் பூட்டியிருக்கக் கூடாது. திறந்திருந்தா ஒரு சக்கரம் சுத்தும், இன்னொண்ணு தரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பூட்டியிருந்தா ரெண்டுமே சேர்ந்து சுத்திப் பிடியை விட்டுடும். வால் கீழ...”

அவள் நிறுத்தினாள். மிகவும் தாமதமாக நிறுத்தினாள்.

அங்கே இருந்த நாலு பேருக்கும் அந்தச் சாய்ந்த வளைவு மனப்பாடம். வால் கீழே போனதுதான் அந்த வளைவில் நடந்தது.

அம்மா கவிழ்த்துப் போட்டிருந்த ஆயில் டின் மேல் உட்கார்ந்தாள்.

“அப்போ அந்தக் கால்...” என்றாள். “நான் ஒடைச்சதா?”

ஸ்பானர் கேஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுப்பில் வைத்த முட்டை தீய்கிற வாசனை வந்தது. எழுந்துபோய் அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் தீய்ந்த முட்டையும் ரொட்டியுமாகச் சாப்பாடு. மகள் தின்றாள். ஸ்பானர் தின்பது போல் பாவனை செய்தார். அம்மா தட்டையே எடுக்கவில்லை. கொட்டகையிலேயே, அந்தத் திறந்த ஆக்சிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷம் ஒவ்வொரு திங்களும் வியாழனும் வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டதும், ‘நல்ல வேளை, பண்ணி வச்சோம்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டவள் அவள். எவ்வளவு நல்ல வேளை என்று இப்போது கணக்குத் தெரியாமல் போயிற்று. களிமண் ஏற்றத்தில் ஒவ்வொரு தடவையும் அவள் வெல்டிங் அவரைக் காப்பாற்றியது. வளைவு ஈரமாக இருந்த நாளெல்லாம் அதுவே அவரைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

மூன்று மணி வாக்கில் மேட்டு ராஜா ஒரு கைத்தடியை ஊன்றி, ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கொட்டகைக்கு வந்தார். டாக்டர் இதற்குத் தடை போட்டிருந்தார். டாக்டர் அங்கே இல்லை.

“ஏய்” என்றார்.

அவள் நிமிரவில்லை.

“அது பூட்டு பண்ண வேலை இல்ல.”

“இவ படிச்சா, கேட்டீங்கல்ல.”

“படிச்சவளுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு வண்டியில இருந்தது நான்.” அவர் தொண்டையைச் செருமினார். “அந்த வளைவுல ரெண்டாவது கியர்ல போகணும். நான் மூணுல போனேன். டவர்க்காரன் போன் பண்ணான். ஒரு கையில போனைப் பிடிச்சுக்கிட்டு, இந்த மழையில எவனும் ஏற மாட்டான், நான் ஏறிக்கிட்டிருக்கேன்னு அவன்கிட்ட பேசிக்கிட்டே போனேன். தப்பு என் பேர்ல.”

வாசலில் நின்ற மகள் மாமாவைப் பார்த்தாள். மாமா மகளைப் பார்த்தார். காலையில் ஆக்சிலுக்குள் பார்த்தது அதிர்ச்சி என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். இப்போதுதான் அது எவ்வளவு சாதாரண விஷயம் என்று புரிந்தது.

“அத்தான்” என்றார் ஸ்பானர் மெதுவாக, “மலை நகர்ந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே?”

“நகரலை.”

அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தன்னைப் பற்றிக் குறைத்து அவர் சொன்ன முதல் செய்தி அது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் மட்டும் நிமிர்ந்து அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த டின்னை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“உக்காருங்க. கால் வீங்கும்.”

திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள்தான் இருந்தது. லாக்கர் பேச்சு மறுபடி தொடங்கியது. பார்ட்ஸ் கடையில் இரண்டு விதம் இருந்தது.

“பின்னாடிக்கு ஆட்டோமேட்டிக் போடலாம்” என்றார் ஸ்பானர். இந்தத் தடவை நேர்மையாகவே பேசினார். “ஆக்சிலேட்டரை மிதிச்சா தானாப் பூட்டிக்கும். மிதிக்காம திரும்பினா தானா விட்டுடும். வயர் இல்ல, ட்யூப் இல்ல. இரும்பு மாதிரி நிக்கும்.”

“ஈர வளைவுல மிதிச்சா?” என்றாள் மகள்.

“அங்கயும் பூட்டிக்கும். அது வளைவைப் பார்க்குமா, மிதியைத்தான் பார்க்கும்.”

“அப்ப வேணாம். காத்துல பூட்டற லாக்கர் இருக்கு. சுவிட்ச் போட்டா கம்ப்ரசர் காத்து உள்ள போய்ப் பூட்டும். எடுத்தா விட்டுடும்.”

“ட்யூப் கிளையில மாட்டிக் கிழிஞ்சா?”

“கிழிஞ்சா பூட்டாது. அவ்வளவுதானே? ஏற முடியலைன்னா நிப்பேன், திரும்பி வருவேன். திறக்காம மாட்டிக்கிட்டாத்தான் வம்பு.”

“முன்னாடிக்கு?”

“முன்னாடியும் அதேதான். முன்னாடி பூட்டினா ஸ்டியரிங் சொன்ன பேச்சுக் கேக்காது மாமா, நேராத்தான் போவேன்னு அடம்பிடிக்கும். களிமண்ணுல ரொம்ப மாட்டிக்கிட்டா ஒரு பத்தடிக்குப் போட்டுட்டு எடுத்துடணும். தானாப் பூட்டற சாமானை முன்னாடி வச்சா ஒவ்வொரு திருப்பத்துலயும் கையைப் பிடுங்கும்.”

“ஆட்டோமேட்டிக்ல தொந்தரவு கம்மிம்மா. டிரைவருக்கு ஒண்ணுமே தெரிய வேணாம்...”

“டேய்” என்றாள் அம்மா.

காலையிலிருந்து அவள் போட்ட முதல் சத்தம் அது.

“இனிமே இந்த வண்டியில ஓட்டறவங்களுக்குத் தெரியாம எதுவும் பூட்டிக்கக் கூடாது. பூட்டினா அவ பூட்டணும். திறந்தா அவ திறக்கணும். என்ன வெல கேட்டாலும் சரி, எனக்குச் சுவிட்ச்தான் வேணும். ரெண்டுக்கும்.”

அத்தோடு ஆக்சில் பற்றிய விவாதம் முடிந்தது. மேட்டு ராஜா மட்டும், “கடைசியில என் வண்டியும் ஃபேன் மாதிரி ஆயிடுச்சு” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு முழுக்க ஸ்பானரும் மகளும் வண்டிக்கு அடியில் கிடந்தார்கள். வெல்டிங் உருண்டை வெளியே வந்தது. ஐந்து கிலோ இருக்கும். ஸ்பானர் அதைப் பழைய இரும்பில் போடப் போனார். “அங்கேயே வை” என்று மேட்டு ராஜா சொன்னார். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி பார்த்து, தகடு வைத்து, கழற்றி, மறுபடி தகடு வைத்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் புது லாக்கர்கள் இரண்டும் உட்கார்ந்தன. கம்ப்ரசரைச் சேறு படாத இடமாகப் பார்த்து சீட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். பின்பூட்டு போட்டால்தான் முன்பூட்டு வேலை செய்யும்படி வயர் இழுத்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மழை. மகள் ஸ்டியரிங்கில். பக்கத்தில் அம்மா. வராதே என்று மகள் சொல்லிப் பார்த்தாள். அம்மா பதில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மேட்டு ராஜாவை ஸ்பானர் தன் வேனில் மலையடிவாரம் வரை கொண்டுவந்திருந்தார். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, தலையை மழைக்கு நீட்டினார்.

லாரி களிமண்ணில் ஏறியது. பாதியில் சக்கரம் வழுக்கியது. என்ஜின் சத்தம் ஒரு நொடி வெறுமையாக எழும்பியது. மேட்டு ராஜாவின் வலதுகால், நல்ல கால், வேனின் தரையை மிதித்தது. மேலே சத்தம் அடங்கிக் கனத்தது. நாலு சக்கரமும் சேர்ந்து மண்ணைக் கவ்வின. லாரி நகர்ந்தது.

வளைவுக்கு முன்னால் நின்றது.

“ஏன் நிக்கிறா?” என்றார்.

“பூட்டைத் திறக்கிறா அத்தான்.”

பிறகு அது வளைவில் நுழைந்தது. ஒரு சக்கரம் கொஞ்சம் சுற்றியது. வால் அசைந்தது. மேட்டு ராஜா ஸ்பானரின் தோளைப் பிடித்தார். ஸ்பானருக்கு மறுநாள் வரை அங்கே வலி இருந்தது. வால் நின்றது. லாரி பாறையைக் கடந்து மரங்களுக்குப் பின்னால் போய், கல்லில் ஏறுகிற சத்தமாக மட்டும் மிஞ்சியது.

“கியரைக் கொஞ்சம் சீக்கிரம் மாத்திட்டா” என்றார் மேட்டு ராஜா. முகம் முழுக்க மழைத்தண்ணீர். துடைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆறு வாரம் மகள்தான் ஓட்டினாள். கட்டுப் பிரித்து, காலுக்குப் பலம் வந்த முதல் வியாழக்கிழமை, மேட்டு ராஜா டீக்கடையில் ஓர் அறிவிப்புச் செய்தார். “பொண்ணு சின்னப் பொண்ணு, சுவிட்ச் வச்சிருக்கா. அது அவளுக்கு. என் கை அந்தப் பக்கமே போகாது.” சுவிட்சுக்காரரும் கடையில் இருந்தார். டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போனார்.

துணைக்கு மனைவி ஏறிக்கொண்டாள். களிமண் ஏற்றத்தில் முக்கால்வாசி தூரம் லாரி நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு பின்சக்கரம் சுற்றத் தொடங்கியது. அவர் கியரை மாற்றினார். காலைத் தூக்கி மிதித்தார். ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் ஆட்டினார். காலில் இருந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார். லாரி மரியாதையாக, அரை அடி அரை அடியாகப் பின்னால் வர ஆரம்பித்தது.

அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த பையைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். தேடும்படி அதில் ஒன்றும் இல்லை. ஒரு துண்டும் நாலு அவித்த முட்டையும்தான்.

அவருடைய இடது கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கியது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். டேஷ்போர்டில் ஒரு குட்டி விளக்கு எரிந்தது. லாரி மண்ணைக் கவ்வி மேலே ஏறியது. அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

வளைவு வந்தது. இங்கே திறந்தாக வேண்டும். திறந்தால் ஆக்சிலிலிருந்து காற்று இறங்கும். இறங்கும்போது புஸ்ஸென்று சீறும். அதை மௌனமாக இறக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அவர் வண்டியை நிறுத்தினார். ஒரு கணம் யோசித்தார். சுவிட்சை எடுத்துக்கொண்டே, மார்பு குலுங்க, மிகப் பலமாக இருமினார்.

“என்னங்க?” என்றாள் அவள்.

“தூசி.”

மூன்று நாளாக விடாத மழை. கண்ணாடியில் தண்ணீர் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது.

“ஆமா, ரொம்பத் தூசி” என்று சொல்லி, அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.